பிசியோதெரபி பட்டமும் அடிப்படை ஆண்டும்: சிங்கப்பூர் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயன்முறை சிகிச்சையாளராக ஆசைப்படும் மாணவர்கள் முதலில் விசாரிப்பது எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்பதைத்தான். படித்து முடித்துத் திரும்பினால் சிங்கப்பூரில் தங்களைப் பதிவு செய்துகொள்வார்களா என்பதை இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோதான் விசாரிக்கிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி, இந்த வரிசை தலைகீழானதால் வருபவை.

இங்கே பிசியோதெரபி 2011ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்துக்கு உட்பட்ட தொழில். அலைட் ஹெல்த் ப்ரொஃபஷன்ஸ் கவுன்சில் என்ற மன்றத்தில் பதிவு பெறாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது, பட்டம் கையில் இருந்தாலும் சரி. வெளிநாட்டில் படித்தவர்களுக்குப் பொதுவாக முதலில் கிடைப்பது நிபந்தனையுடன் கூடிய பதிவு. அதாவது, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். மன்றத்தின் இணையத்தளத்தில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான நிபந்தனைகளைப் படிக்க ஒரு மாலை போதும். அதைச் செய்யாமல் நான்கைந்து ஆண்டுக் கட்டணத்துக்குக் கையெழுத்திடும் பெற்றோரை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. வீடு வாங்கும்போது இதே பெற்றோர் எத்தனை தாள்களைப் புரட்டுகிறார்கள்!

படிக்கப்போகும் நாட்டிலும் இதே சோதனை வேண்டும். பிரிட்டன் என்றால் அங்குள்ள ஹெல்த் அண்ட் கேர் ப்ரொஃபஷன்ஸ் கவுன்சில் அங்கீகரித்த பட்டமா என்று பாருங்கள். ஆஸ்திரேலியா என்றால் ஆஸ்திரேலிய பிசியோதெரபி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் தெரபி, ஸ்போர்ட்ஸ் சயின்ஸ், ரிஹாபிலிடேஷன் சயின்ஸ் என்ற பெயர்களில் வரும் படிப்புகள் நல்ல படிப்புகளாகவே இருக்கலாம். ஆனால் அவை பிசியோதெரபி அல்ல. பட்டப்படிப்புக்குத் தயார்படுத்தும் முன்னோட்ட ஆண்டுக்குத்தான் அடிப்படை ஆண்டு (ஃபவுண்டேஷன் இயர்) என்று பெயர். ஒரே அடிப்படை ஆண்டிலிருந்து இவை எல்லாவற்றுக்கும் வழி பிரிவதால், மதிப்பெண் சற்றுக் குறைந்த மாணவரை மெதுவாகப் பக்கத்துப் பட்டத்துக்கு நகர்த்திவிடுவது நடக்கிறது. "எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று யோசியுங்கள். சித்தப்பா மகன் கோயம்புத்தூரில் படித்துவிட்டு இங்கே வேலை பார்க்கிறான் என்பதும் உங்களுக்குச் சான்றாகாது. அவர் பதிவு செய்த காலத்து விதி வேறாக இருந்திருக்கலாம்.

அடிப்படை ஆண்டு உங்களுக்குத் தேவைதானா?

சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் 2016 முதல் பிசியோதெரபியில் நான்காண்டு ஹானர்ஸ் பட்டம் வழங்கிவருகிறது. மேல்நிலைத் தேர்வு எழுதியவர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமா பெற்றவர்களும் நேராகவே விண்ணப்பிக்கலாம். அடிப்படை ஆண்டு என்ற பேச்சே அங்கு இல்லை. போட்டி கடுமை என்பதால் வெளிநாட்டைப் பார்க்கிறோம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வெளிநாடு என்றாலே அடிப்படை ஆண்டு என்று எண்ணுவதுதான் தவறு.

இந்த ஆண்டு முக்கியமாக யாருக்காக? வணிகத்திலோ தகவல் தொழில்நுட்பத்திலோ டிப்ளோமா முடித்து, அறிவியல் பாடம் இல்லாமல் நிற்பவருக்கு. சாதாரண நிலைத் தேர்வோடு நின்றவருக்கு. பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் துறை மாற நினைப்பவருக்கு. தொடக்கக் கல்லூரியில் உயிரியலும் வேதியியலும் எச்2 (மேல்நிலைத் தேர்வின் முழுப்பாட) நிலையில் எடுத்து நல்ல மதிப்பெண் பெற்றவர், நேரடியாக முதலாம் ஆண்டில் சேர முடியுமா என்று பல்கலைக்கழகத்தையே கேட்க வேண்டும். கல்விக் கண்காட்சியில் எதிரே உட்கார்ந்திருக்கும் முகவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமோ கல்லூரியோ தரகுத் தொகை கொடுக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் இல்லாத படிப்பைப் பற்றி அவர் பேசமாட்டார், அவ்வளவுதான்.

தேவைதான் என்றால், இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பட்டத்தோடு இணைந்தது. இங்கிலாந்தில் ஓராண்டு அடிப்படையும் மூன்றாண்டு பட்டமும் ஒரே விண்ணப்பத்தில் வந்துவிடும். மற்றொன்று தனிக் கல்லூரி நடத்தும் சான்றிதழ்ப் படிப்பு. அதை முடித்தபின் பிசியோதெரபிக்குப் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். இணைந்த படிப்பிலும் இடம் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். குறிப்பிட்ட மதிப்பெண், சில இடங்களில் நேர்காணல், உடல்நலச் சோதனை, குற்றப் பின்னணிச் சோதனை ஆகியவற்றைத் தாண்டினால்தான் முதலாம் ஆண்டு. சில பல்கலைக்கழகங்கள் இந்த இணைந்த படிப்பை வெளிநாட்டு மாணவர்களுக்குத் தருவதே இல்லை.

ஆகவே மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். வெளிநாட்டு மாணவருக்கு இந்தப் படிப்பு உண்டா? பிசியோதெரபி முதலாம் ஆண்டுக்குப் போக எத்தனை மதிப்பெண் வேண்டும்? தகுதி பெற்ற எல்லாருக்கும் இடம் உண்டா, அல்லது அதற்குள்ளும் போட்டியா? மூன்றாவது கேள்விக்குச் சுற்றிவளைத்துப் பதில் வந்தால், அதுவே பதில்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மத்திய சேமநிதியின் கல்வித் திட்டம் உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களுக்கு மட்டும்தான். அப்பாவின் சேமநிதியைக் கொண்டு லண்டனில் கட்டணம் கட்ட முடியாது. கூடுதல் ஓராண்டு என்பது கூடுதல் ஓராண்டு வாடகையும் சாப்பாடும்கூட. ஆண் பிள்ளைகளுக்கு இன்னொன்று: பல்கலைக்கழகப் படிப்புக்காகத் தேசிய சேவையைத் தள்ளிப்போடப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. அடிப்படை ஆண்டு பள்ளிப்படிப்பு மாதிரிதானே, அதற்கு அனுமதி கிடைத்துவிடும் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டு டிக்கெட் வாங்காதீர்கள்.

விளையாட்டு வீரரின் முழங்கால்

விண்ணப்பக் கட்டுரைகளில் சலிக்கச் சலிக்க வரும் கதை ஒன்று உண்டு. பந்து விளையாடும்போது முழங்கால் பிசகியது, சிகிச்சையாளர் குணப்படுத்தினார், அன்றே முடிவெடுத்தேன். உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் இந்தத் தொழிலில் விளையாட்டு ஒரு சிறு மூலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் நெஞ்சுச் சளியை வெளியேற்ற உதவுவதும், பக்கவாதம் வந்தவரைப் படுக்கையின் ஓரத்தில் உட்காரவைப்பதும், இடுப்பெலும்பு முறிந்த எண்பது வயதுப் பாட்டியை அறுவை சிகிச்சைக்கு மறுநாளே நான்கு அடி நடக்கவைப்பதும் பிசியோதெரபிதான். மூப்படையும் சிங்கப்பூரில் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியே விண்ணப்பிப்பவர்கள் 2026 சேர்க்கை முதல் ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுகிறார்கள். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உதவியது, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றாவது கேள்வியில்தான் பலருடைய பேனா நின்றுவிடுகிறது. ஈசூனில் உள்ள ஸ்ரீ நாராயண மிஷன் தாதிமை இல்லம் போன்ற இடங்களில் தொண்டூழியம் செய்ய முடியுமா என்று விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே கேட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலியிலிருந்து எழ மறுக்கும் முதியவரிடம் ஒரு சிகிச்சையாளர் எப்படிப் பேசுகிறார், கையை எங்கே வைக்கிறார், எப்போது காத்திருக்கிறார் என்று பார்த்து எழுதிய நான்கு வரிகள், முழங்கால் கதை பத்துக்குச் சமம்.

அந்த ஓராண்டுக்குள்

"டாக்டருக்கா படிக்கிறேன், வேதியியலும் இயற்பியலும் எதற்கு?" என்று ஏனோதானோவெனப் படிப்பவர்கள் பின்னால் திணறுகிறார்கள். தேக்கா சந்தையில் வாங்கிய 5 கிலோ அரிசிப் பையை, முழங்கையை மடித்து, முன்கை தரைக்கு இணையாக இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். பை முழங்கையிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் தசை எலும்பில் ஒட்டியிருப்பதோ மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டரில். அப்படியானால் தசை இழுக்க வேண்டியது பையின் எடையைப்போல் ஏழு மடங்கு, அதாவது 35 கிலோ எடைக்குச் சமமான விசை. முன்கையின் எடை தனி. நெம்புகோல் விதி புரிந்தவருக்கு, தோள் வலிக்காரரிடம் பொருளை உடம்போடு ஒட்டிப் பிடிக்கச் சொல்வது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. வேதியியலும் அப்படித்தான். இரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்க வேண்டும். நுரையீரல் நோயாளியின் உடலில் கரியமில வாயு தேங்கினால் இந்த பிஎச் அளவு ஏன் இறங்குகிறது என்று தெரியாமல் மூச்சுப் பயிற்சி கொடுப்பது குருட்டு வேலை.

நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் கைவந்த கலை. 206 எலும்புகளின் பெயரையும் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் செய்முறைத் தேர்வில் கோணமானியைக் கொடுத்து முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்கச் சொல்வார்கள். அதன் அச்சைத் தொடையெலும்பின் வெளிப்புறக் குமிழில் வைத்து, ஒரு கையை இடுப்புப் பக்கத்து எலும்பு முனையை நோக்கியும் மற்றொன்றை வெளிக் கணுக்காலை நோக்கியும் நீட்ட வேண்டும். அந்த மூன்று இடங்களையும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் பெயர் தெரிந்து பயனில்லை. மருத்துவமனைப் பயிற்சியும் அடிப்படை ஆண்டுக் கணக்கில் வராது. பிரிட்டனில் பட்டப்படிப்புக்குள்ளேயே சுமார் 1,000 மணி நேரம் அதற்கு வேண்டும். பகுதிநேர வேலை செய்து கட்டணத்தைச் சமாளிக்கலாம் என்ற திட்டம் பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது.

வீட்டில் யாரும் வாயெடுக்காத ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. செய்முறை வகுப்பில் மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பயிற்சி எடுக்கிறார்கள். முதுகெலும்பைத் தொட்டு எண்ண முதுகு தெரிய வேண்டும், தொடைத் தசையைப் பார்க்க அரைக்கால்சட்டை போட வேண்டும். கட்டுப்பாடான வீட்டில் வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு, பல ஆண் பிள்ளைகளுக்கும்தான், இது முதல் நாளில் பேரதிர்ச்சி. கூச்சத்தில் வகுப்பைத் தவறவிடுவதுதான் இங்கே செய்யக்கூடாத தவறு. திரைச்சீலைக்குள் பயிற்சி, ஒரே பாலினத்தவர் இணை, தேவையான இடம் தவிர மற்றதைத் துண்டால் மூடிக்கொள்வது என ஏற்பாடுகள் செய்ய முடியும். இந்தியா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா என்று பல ஊர்களிலிருந்து வரும் மாணவர்களைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இந்த வேண்டுகோள் புதிதல்ல. சேருவதற்கு முன்பே எழுதிக் கேட்கலாம். சேர்ந்துவிட்டால், முதல் செய்முறை வகுப்புக்கு முன் ஆசிரியரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அம்மா அப்பாவிடமும், விமானம் ஏறுவதற்கு முன்பே.