மோட்டோஜிபி பார்க்கிறீங்களா? முதல்ல ஒரே கராஜுல நிக்கிற ரெண்டு பேரையும் பாருங்க

கல்லடி, கல்முனைப் பக்கம் போன்ல மோட்டோஜிபி எண்ட மோட்டார் சைக்கிள் உலக ரேஸ் பார்க்கத் தொடங்கியிருக்கிற பொடியனுகள் எல்லாரும் ஒரு கட்டத்துல கேக்கிற கேள்வி ஒண்டு கிடக்கு. ஒரே டீமுல ஓடுற ரெண்டு பேருக்கும் ஒரே கலர் உடுப்பு, ஒரே பைக், சம்பளம் குடுக்கிறதும் ஒரே கொம்பனி, பிறகென்னத்துக்கு மச்சான் இவன் அவனுக்கு வழி விடுறான் இல்ல? நியாயமான கேள்விதான். மட்டக்களப்பு கல்முனை ரோட்டுல ஒரே முதலாளிட ரெண்டு பஸ் முன்னுக்குப் பின்னுக்கு வந்தா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும், எந்த பஸ்ஸுல ஆள் ஏறினாலும் முதலாளிக்கு காசு ஒரே பொக்கட்டுக்குத்தான், ஆனா ரைவரும் கொண்டக்டரும் அப்படி யோசிக்க மாட்டாங்க. இஞ்சயும் அதே கதைதான். கொம்பனிக்கெண்டு ஒரு சாம்பியன்ஷிப் கிடக்கு, அதுல ஒவ்வொரு ரேஸிலயும் அந்த கொம்பனி பைக்குகள்ல முன்னுக்கு வந்த ஒண்டுக்கு மட்டும்தான் புள்ளி, ஓட்டினவன் யாரா இருந்தாலும் கொம்பனிக்கு ஒண்டுதான். ஓட்டுறவனுக்கு அது ஒண்டில்ல.

மொத்தம் 11 டீம், 22 பேர். யமஹா ஓடுறவன் டுகாட்டிக்காரனிட்ட தோத்தா பைக்குல பவர் இல்ல எண்டு சொல்லித் தப்பலாம். பக்கத்துல நிக்கிறவனிட்ட தோத்தா சொல்லுறதுக்கு ஒண்டுமே இல்ல. அதோட எங்க எவ்வளவு பிரேக் புடிச்சான், எந்த இடத்துல த்ராட்டில் திறந்தான் எண்டு எல்லாம் டேட்டாவுல பதிஞ்சிருக்கும், ஒரே டீம் எண்டா மற்றவன்ட டேட்டாவ இவன்ட எஞ்சினியர் எடுத்துப் பார்க்கலாம். நீங்க கஷ்டப்பட்டு கண்டுபுடிச்ச லைன, அதாவது கோர்னருல போற வழிய, அவன் பின்னேரம் கம்ப்யூட்டர்ல பார்த்து படிச்சிருவான், கோவம் வராதா? 2008ல யமஹாவுல ரோஸி, லொரென்சோ எண்ட ரெண்டு ஓட்டக்காரரும் சேர்ந்தப்ப கராஜுக்கு நடுவுல ஒரு சுவரே வந்தது. அப்ப ரோஸிக்கு பிரிட்ஜ்ஸ்டோன் டயர், லொரென்சோவுக்கு மிஷலின், டயர் ரகசியத்துக்குத்தான் சுவர் எண்டு சொன்னாங்க. அடுத்த வருஷம் எல்லாருக்கும் ஒரே கொம்பனி டயர் வந்திட்டு, சுவர் மட்டும் அப்படியே நிண்டது. அதுக்குப் பிறகு டயர் கதைய நம்புறதுக்கு யார் இருக்கா.

சரி, பார்க்கிற முறைக்கு வருவம். முதல்ல நேரம். யூரோப் ரேஸ் அங்க பின்னேரம் 2 மணிக்கு எண்டா கோடை காலத்துல நமக்கு 5.30, கடைசியில வாற நவம்பர் ரேஸ் எண்டா 6.30. மலேசியா அங்க 3 மணிக்கு எண்டா நமக்கு பகல் 12.30. ஜப்பான் 2 மணி எண்டா காலம 10.30, அவுஸ்திரேலியா 2 மணி எண்டா காலம 8.30, அதுக்கு வெள்ளென எழும்பத்தான் வேணும்.

பிறகு ஒரே டீம் சோடி ஒண்ட மட்டும் எடுங்க. 22 பேரையும் பார்க்க வெளிக்கிட்டா ஒண்டும் விளங்காது. ஒரு கொப்பியில ரெண்டு பேரையும் எழுதி, வெள்ளிக்கிழமை பிராக்டிஸ், ஸ்டார்ட் இடத்தத் தீர்மானிக்கிற குவாலிஃபையிங், சனிக்கிழமை குட்டி ரேஸான ஸ்பிரிண்ட், ஞாயிறு ரேஸ் எண்டு நாலு கோடு போட்டு யார் முன்னுக்கு எண்டு மட்டும் குறிச்சிட்டு வாங்க. வெள்ளிக்கிழமைய சும்மா விடாதீங்க, பின்னேரப் பிராக்டிஸ்ல முதல் 10 பேருக்குள்ள வந்தவன் நேரா ரெண்டாவது குவாலிஃபையிங்குக்குப் போவான், வராதவன் முதலாவதுல நிண்டு முதல் ரெண்டு இடத்துக்கு அடிபட வேணும். ஒருத்தன் உள்ள, மற்றவன் வெளிய எண்டா சனிக்கிழமை காலமையே அந்த கராஜுல முகங்கள் மாறியிருக்கும். சனிக்கிழமை ஸ்பிரிண்ட் 2023லதான் வந்தது, பாதித் தூரம், வெண்டா 12 புள்ளி. ஞாயிறு வெண்டா 25, ரெண்டாவதுக்கு 20, மூண்டாவதுக்கு 16. இந்தக் கணக்க மனசுல வெச்சிருங்க, பிறகு தேவைப்படும்.

ரேஸ் ஓடக்குள்ள ஃபார்முலா வன் மாதிரி ரேடியோவுல கதைக்கிறது இல்ல. ட்ராக் ஓரத்துல டீம் ஆக்கள் நிக்கிற பிட் சுவருல புடிக்கிற போர்டும், பைக் டேஷ்ல, அதாவது ஹேண்டிலுக்கு நடுவுல இருக்கிற ஸ்கிரீன்ல, வாற சின்ன மெசேஜும்தான். 2017 மலேசியாவுல லொரென்சோ முன்னுக்கு, அதே டுகாட்டி டீம் டோவிசியோஸோ (சுருக்கமா டோவி) பின்னுக்கு, டோவிக்கு சாம்பியன்ஷிப் இன்னும் உயிரோட இருக்கு. லொரென்சோட டேஷ்ல மேப்பிங் 8 எண்டு ஒரு மெசேஜ் போகுது, டீவியில எல்லாரும் பார்த்தாங்க, பார்க்கிறதுக்கு எஞ்சின் செட்டிங் மாதிரித்தான், ஆனா வழிய விடு எண்டதுதான் விஷயம் எண்டு உலகம் முழுக்க சிரிச்சது. அங்க லொரென்சோ ஒரு கோர்னர்ல வழுக்கி டோவி முன்னுக்குப் போய் வெண்டான். அடுத்தது கடைசி ரேஸ் வலென்சியா, திரும்பவும் மெசேஜ், போர்டிலயும் ஒரு இடம் பின்னுக்குப் போ எண்டு காட்டினாங்க, ஆள் விடவே இல்ல, கடைசியில லொரென்சோவும் விழுந்து அதே சுற்றுல டோவியும் விழுந்து ஹொண்டாக்கார மார்கெஸ் சாம்பியன். அதனால கமெண்டேட்டர் சொல்லுறத மட்டும் கேக்காதீங்க, பிட் போர்ட காட்டக்குள்ள கண்ண அங்க வைங்க.

டீம்மேட்டால வாற நட்டம் எவ்வளவு எண்டு பார்க்க எனக்குப் புடிச்சது 2006. ஹொண்டாவுல நிக்கி ஹெய்டன் யமஹா ரோஸிய விட 12 புள்ளி முன்னுக்கு, கடைசிக்கு முதல் ரேஸ் போர்த்துக்கல் எஸ்டோரில், அவன்ட டீமுக்கு அந்த வருஷம்தான் வந்த பெட்ரோஸா உள்ளால நுழையப் போய் ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள. ரோஸி ரெண்டாவது வந்து 8 புள்ளி முன்னுக்குப் போயிட்டான். ஆனா அதே ரேஸ்ல டோனி எலியாஸ் ரோஸிய 0.002 செக்கன்ல வெண்டிருந்தான், அங்க போன 5 புள்ளிதான் கடைசியில வேலையக் காட்டினது. கடைசி ரேஸ் வலென்சியாவுல ரோஸி விழுந்தான், ஹெய்டன் 252, ரோஸி 247. அந்த 5 கிடைச்சிருந்தா சமன், வெண்ட ரேஸ் கூட எண்டு ரோஸிதான் சாம்பியன். பெட்ரோஸா அதுக்குப் பிறகு எப்படி நித்திரை கொண்டிருப்பான் எண்டு நான் யோசிக்கிறதுண்டு.

அதே பெட்ரோஸாவுக்கு 2013 அரகோன்ல மறுபக்கமா நடந்தது. அதே ஹொண்டா டீம் மார்கெஸ் பின்னால வந்து பிரேக் பிந்தி அவன்ட பைக்குல சும்மா ஒரு தட்டு, டீவியில பார்த்தா பட்டதே தெரியாது. அந்தத் தட்டுல பின் சில்லு எவ்வளவு வேகமா சுத்துது எண்டு சொல்லுற சென்சர் வயர் அறுந்திட்டு. வயர் இல்லாட்டி ட்ராக்ஷன் கொன்ட்ரோல் வேலை செய்யாது, பெட்ரோஸா வழக்கம் போல த்ராட்டில திறந்தான், பைக் ஆள மேல தூக்கி எறிஞ்சிட்டு. ரேஸ வெண்டது மார்கெஸ், பிறகு அவனுக்கு ஒரு பெனால்டி புள்ளி (சாம்பியன்ஷிப் புள்ளியில வெட்டு இல்ல), ஹொண்டாட கொம்பனிக் கணக்குல அந்த 25 புள்ளிய வெட்டினாங்க. அந்த வருஷம் மார்கெஸ் சாம்பியன் ஆனது 4 புள்ளியால.

ஒரு விஷயத்துல அவசரப்படாதீங்க. ஒருத்தன் பின்னுக்கு நிண்டா உடனே அவன் முடிஞ்சான் எண்டு எழுதாதீங்க. காயத்தோட ஓடுறானா, ரெண்டு பேருக்கும் ஒரே பார்ட்ஸா, ஸ்டார்ட்டுக்கு முதல் ஸ்கிரீன்ல காட்டுற டயர் வகை ஒண்டா எண்டு பார்க்க வேணும். 2025 டுகாட்டிட ஃபாக்டரி டீம எடுங்க, மார்கெஸ் அங்க வந்த முதல் வருஷமே ஜப்பான் மோட்டேகியில சாம்பியன், பக்கத்துல 2022, 2023 சாம்பியன் பன்யாயா முன் சில்ல நம்ப ஏலாம வருஷம் முழுக்க தடுமாறினான். ஆனா மார்கெஸ் சாம்பியன் ஆன அதே மோட்டேகியில போல் (ஸ்டார்ட்ல முதல் இடம்), ஸ்பிரிண்ட், ரேஸ் மூண்டும் பன்யாயாவுக்கு. அடுத்த ரேஸ் இந்தோனேசியா மண்டலிக்காவுல ஸ்பிரிண்ட்ல கடைசி, ஞாயிறு விழுந்தான். கொப்பியில அந்த ரெண்டு கிழமையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஆள் ஓட மறக்கல்ல எண்டது விளங்கும். பைக்கா ஆளா எண்டு நம்மட பொடியனுகள் இன்னும் சண்டை, நான் பைக் செட்டிங் பக்கம்தான்.

ரேஸ் முடிஞ்ச கையோட டீவிய நிப்பாட்டாதீங்க. இறங்கினதும் ரெண்டு பேரும் கை குடுக்கிறாங்களா, மனேஜர் முதல்ல யாரிட்ட போறார், அதப் பாருங்க. 2016 ஆர்ஜென்டினாவுல டுகாட்டி ரெண்டாவது மூண்டாவதுல வந்திட்டு இருக்கக்குள்ள கடைசிச் சுற்றுல இயனோனே டோவியோட மோதி ரெண்டு பேரும் விழுந்தாங்க, டோவி பைக்க தள்ளிக்கொண்டு வந்து 13ஆவது. அடுத்த வருஷம் இயனோனே சுசூக்கியில.

பழகிறதுக்கு 2015 யமஹாவ எடுங்க, பழைய ரிசல்ட் எல்லாம் நெட்ல கிடக்கு. ரோஸி டுகாட்டிக்குப் போய் 2013ல திரும்பி வந்து அதே லொரென்சோட பக்கத்துல. கடைசி ரேஸுக்கு வரக்குள்ள ரோஸி 312, லொரென்சோ 305, ஆனா மலேசியாவுல மார்கெஸோட நடந்த பிரச்சினையால ரோஸி கடைசி இடத்துல இருந்து வெளிக்கிட வேணும். லொரென்சோ வெண்டான், ரோஸி நாலாவது, 330க்கு 325. லொரென்சோவுக்கு ஏழு வெற்றி, ரோஸிக்கு நாலு, அப்ப கடைசி ரேஸ் வரைக்கும் ரோஸி எப்படி முன்னுக்கு நிண்டான் எண்டு கொப்பியில ஒவ்வொரு ரேஸா போட்டுப் பாருங்க. விடைய நான் சொல்லல்ல.