முதலில் கயிறு, அப்புறம் பிரஷ் கட்டர்

தென்சென்னையில் எங்கள் ஏரிக்கரைப் பூங்காவில் நீர்முள்ளி, கொட்டைக்கரந்தை, கோரை வகைகள் தானாகவே முளைக்கின்றன. தூர்வாரிய எதிர்க்கரையோ வெறும் மண். இங்கே விளையும் விதையை அங்கே கொண்டுசேர்ப்பதுதான் ஐந்து வருடமாக என் வேலை.

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கலுக்கு முந்திய வாரம், முழுப் பூங்காவையும் ஒரே நாளில் மொட்டையடித்துவிட்டார்கள். பச்சைக் காய்கள் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் புல்வெட்டும் மெஷினான பிரஷ் கட்டரைப் பிடிப்பவரிடம் நான் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அதனால் அவரிடமிருந்து தொடங்குங்கள். பூங்கா அலுவலகத்தின் அனுமதி கட்டாயம் வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போல வனத்துறையின் பொறுப்பில் உள்ள இடமென்றால் அனுமதியில்லாமல் ஒரு காயைக்கூடத் தொடாதீர்கள். ஆனால் அனுமதிக் கடிதம் செடியைக் காப்பாற்றாது. வெட்டுகிற அண்ணனை அழைத்துப்போய், எந்தச் செடி, எதற்கு என்று நேரில் காட்டுங்கள். அந்தச் செடிகளைச் சுற்றி மூங்கில் குச்சி நட்டு, கயிறு கட்டி, சிவப்புத் துணி முடிந்துவிடுங்கள்.

ஐப்பசி மழைக்குப் புல் இடுப்பளவு ஏறும். நடக்க வருபவர்கள் பாம்புக்குப் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. நடைபாதையின் இருபுறமும் இரண்டு மீட்டர், பிள்ளைகள் விளையாடும் இடம், இவற்றை எப்போதும் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். ஓரம் சுத்தமாக இருந்தால் உள்ளே வளர்வதைப் பற்றிப் புகார் வராது. மீதி இடத்தை மூன்றாகப் பிரித்து, வருடம் ஒரு பகுதியை மட்டும் நவம்பரிலிருந்து பிப்ரவரி கடைசிவரை வெட்டாமல் விடுங்கள். ஒரே இடத்தை வெட்டாமலே விட்டால் சீமைக்கருவேலக் கன்று தலைதூக்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு, வேரோடு பிடுங்குங்கள். அதன் விதை நம் பையில் கலந்தால் எல்லாம் வீண்.

புல்லும் கோரையும் முற்றியதைச் சில்லைக் குருவிகளே சொல்லிவிடும். போன மார்கழியில் அண்ணனே போன் செய்தார்: "அம்மா, குருவி வந்துடுச்சு, பை எடுத்துட்டு வாங்க." கதிரை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், கெட்டியான பழுப்பு மணி உதிர்ந்தால் சரி, பால் கசிந்தால் காத்திருங்கள். நீர்முள்ளிக்குக் கணுவுக்குக் கணு நீள முள்; தோல் கையுறை இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். பனி காய்ந்த பிறகே பறியுங்கள். அதன் விதையில் ஈரம் பட்டால் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. சம்பு என்ற உயரமான நீர்ப்புல் தானே பரவி ஏரியை மூடிவிடும், அதைச் சேகரிக்க வேண்டாம். வெட்டிவேருக்கு விதையை நம்பாமல் தூரைப் பிரித்து நடுங்கள்.

முற்றியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மீதி அந்த இடத்துக்கும் குருவிக்கும். துணிப்பையில் சேர்த்து, நிழலில் செய்தித்தாள் மேல் ஒரு வாரம் உலர்த்தி, கண்ணாடி ஜாடியில் காய்ந்த அடுப்புக்கரியோடு வையுங்கள். பெயர், தேதி, எடுத்த இடம் மூன்றையும் ஜாடியில் எழுதிவிடுங்கள்.

பிறகு கயிற்றை அவிழ்த்து வெட்டச் சொல்லலாம். நடுவிலிருந்து தொடங்கித் தண்ணீரை நோக்கி மெதுவாகப் போனால் தவளைகள் தப்பிக்கும். வெட்டியதை இரண்டு நாள் அங்கேயே விடுங்கள், ஒட்டியிருக்கும் விதை உதிரட்டும்.

புரட்டாசி மழையில் எதிர்க்கரை நனைந்ததும் நீர்முள்ளி விதையை ஏரி மண்ணோடு பிசைந்து, எலுமிச்சையளவு உருட்டி, தண்ணீர் ஏறும் கோட்டுக்குச் சற்று மேலே அழுத்தி வையுங்கள். கோரை விதையை மட்டும் புதைக்காதீர்கள். அதற்கு வெளிச்சம் வேண்டும். ஈரச் சேற்றின் மேல் தூவி, உள்ளங்கையால் தட்டிவிட்டால் போதும்.