பாட்டு வகுப்பிலிருந்து மேடைக்கு: பிள்ளைகளைத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு நவராத்திரி. கோயில் பிராகாரத்தில் சின்ன மேடை. என்னிடம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டிருந்த பத்து வயதுப் பெண் மோகன ராகத்தில் வர்ணம் (கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் உருப்படி) பாடிக்கொண்டிருந்தாள். வகுப்பில் எத்தனையோ முறை பாடியதுதான். சரணத்தின் மூன்றாவது ஸ்வரத்தில் ஓர் இடம் வழுக்கியது. உடனே பாட்டை நிறுத்திவிட்டு, மேடைக்கு ஓரமாக நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். தாளம் போட்ட கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

அவள் ஏன் நிறுத்தினாள் என்று அன்றிரவு யோசித்தபோதுதான் புரிந்தது. நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன். வகுப்பில் ஒரு ஸ்வரம் பிசகினால் கையைத் தூக்குவேன், "மறுபடி" என்பேன், அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இரண்டு வருடமாக அதுதான் நடந்தது. தப்பு வந்தால் நிறுத்து, டீச்சரைப் பார். மேடையிலும் அதைத்தான் செய்தாள்.

பிள்ளைகளைக் கச்சேரிக்குத் தயார் செய்வதில் நாம் செய்கிற பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். திருத்தாமல் சொல்லிக்கொடுக்க முடியாது, சரி. ஆனால் நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வகுப்பை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். முதல் பாதியில் எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாம். இரண்டாம் பாதியில் பாட்டு ஆரம்பித்தால் முடியும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சாகித்யம் மறந்தாலும், ஸ்ருதி விலகினாலும், தாளம் மட்டும் நிற்கக் கூடாது. மறந்த இடத்தில் அகாரமாக, அதாவது சொல் இல்லாமல் 'ஆ' என்று பாடட்டும், ஓர் ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) சும்மா தாளம் போட்டுவிட்டு அடுத்த வரியைப் பிடிக்கட்டும். குறிப்புகளை நாம் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு பாட்டு முடிந்த பிறகு சொன்னால் போதும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பிள்ளைகளுக்குப் பாட்டு ஒரு சங்கிலி மாதிரி மனப்பாடம் ஆகியிருக்கும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் பல்லவிக்குத்தான் ஓட முடியும். அதனால் இப்போது வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். எல்லோரும் ஆதி தாளம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் திடீரென்று "அனுபல்லவி இரண்டாம் வரி" என்பேன். அடுத்த ஆவர்த்தனத்தில் அந்த வரி எடுப்பில் (தாளத்தில் அது தொடங்க வேண்டிய இடத்தில்) சரியாக வந்து விழ வேண்டும். முதல் நாள் ஒருவருக்கும் வராது. இரண்டு வாரத்தில் பாட்டின் எந்த வாசலிலும் நுழையக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். எடுப்பு அரை இடம் தள்ளி வரும் பாட்டுகளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். பதற்றத்தில் பிள்ளைகள் அவற்றைச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே, எடுத்துவிடுவார்கள். அப்புறம் பாட்டு முழுக்க மிருதங்கமும் அவர்களும் வெவ்வேறு திசையில் போவார்கள்.

அடுத்தது ஸ்ருதி. ஆறு மாதத்துக்கு முன் ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது ஆதார ஸ்ருதியின் அளவு) சேர்த்தோம், அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகளின் குரல் அப்படி நிற்பதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும் மகரக்கட்டு எப்போது தொடங்கும் என்று சொல்லவே முடியாது. போன மாதம் மேல் ஸட்ஜத்தில் நின்று பாடியவனுக்கு இந்த மாதம் நிஷாதத்திலேயே குரல் உடையும். அந்த நேரத்தில் அவனை மேடையில் உட்காரவைத்து மேல் பஞ்சமம் தொடும் பாட்டைப் பாடச் சொல்வது பெரிய கொடுமை. கட்டையைக் குறைக்க வேண்டும், அல்லது அதிகம் மேலேயும் கீழேயும் போகாமல் மத்திய ஸ்தாயியிலேயே நடக்கும் பாட்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் இந்த வருடம் தாளம் போட்டுக்கொண்டு கூட உட்காரட்டும். அப்படி ஒரு வருடம் காத்திருந்த பையன்கள் நன்றாகவே திரும்பி வந்திருக்கிறார்கள்.

பெண் குழந்தைகளுக்கும் ஒரு சோதனை உண்டு. நிகழ்ச்சியில் பாடப்போகும் எல்லாப் பாட்டையும் சேர்த்துப் பார்த்து, மிகக் கீழே போகும் இடத்தையும் மிக மேலே போகும் இடத்தையும் மட்டும் பாடச் சொல்லுங்கள். காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்பில் ஒரு தடவை. களைத்த குரலுக்கு எந்தக் கட்டை சுகமோ, அதுவே மேடைக்கட்டை.

முடிவு செய்த கட்டையைப் பக்கவாத்தியக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மிருதங்கம் வாசிப்பவர் அதற்கேற்ற வாத்தியத்தைக் கொண்டுவருவார். மேடையேறிய பிறகு சொன்னால், அவர் ஸ்ருதி சேர்க்கக் கல்லையும் மரக்கட்டையையும் வைத்துத் தட்டிக்கொண்டே இருக்க, குழந்தை ஏற்கெனவே இருக்கும் பயத்தோடு சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அவர் மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதைக்கூடப் பல பிள்ளைகள் மேடையில்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். பாட்டை மறந்து அதையே வேடிக்கை பார்க்கும்! ஒரே ஒரு நாளாவது மிருதங்கத்தோடும் வயலினோடும் உட்காரவைத்து ஒத்திகை பாருங்கள். வயலின் தன் பின்னாலேயே வருவதைக் கேட்டுப் பழகாத குழந்தை, அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடும். அதிலேயே காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) இழுபடும்.

ஆனால் இழுபடுவதைவிட ஓடுவதுதான் அதிகம். பயந்த குழந்தை வேகமாக ஆரம்பிக்கும். வர்ணத்தை அப்படி ஆரம்பித்தால் இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) முத்தாயி ஸ்வரம் (அனுபல்லவிக்குப் பின் வரும் ஸ்வரப் பகுதி) வாயில் நுழையாது. "மெதுவாப் பாடு" என்று சொல்லிப் பயனில்லை, மேடையில் அது நினைவுக்கு வராது. வாயைத் திறப்பதற்கு முன்னால் பல்லவியின் முதல் வரியை இரண்டாம் காலத்தில் மனத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது வசதியாக ஓடுகிற வேகத்தில் பாதிதான் முதல் காலம். என் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைவதைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

சாகித்யத்துக்கு வருகிறேன். தெலுங்கு, சமஸ்கிருதப் பாட்டுகளைத் தமிழில் எழுதிக்கொள்கிறோம். பழைய புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளுக்கு மேலே, ஒரே எழுத்தின் வெவ்வேறு ஒலிகளைக் காட்ட, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். நோட்டில் இறக்கும்போது பிள்ளைகள் அந்த எண்களை விட்டுவிடுகிறார்கள். பிறகு வலிமை என்ற பொருளில் வரும் பலமும், கனி என்ற பொருளில் வரும் பலமும் ஒன்றாகிவிடுகின்றன. நோட்டைப் பார்த்துப் படிக்காமல் நாம் பாடுவதைக் காதால் கேட்டு எழுதச் சொல்லுங்கள், எண்ணோடு. பாட்டின் அர்த்தத்தையும் சொல்லிவிடுங்கள். எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாத குழந்தை சொல்லின் நடுவில் மூச்சு வாங்கும்.

கல்பனாஸ்வரத்தை (மேடையில் அந்த நேரத்துக் கற்பனையில் பாட வேண்டிய ஸ்வரம்) எழுதிக்கொடுத்து உருப்போடவைப்பது நம்மில் பலர் செய்வது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எழுதிக்கொடுத்த நீண்ட கோர்வையை (கணக்குப் போட்டு முடிக்கும் ஸ்வரத் தொகுப்பு) விட, குழந்தை தானாகப் பாடும் கால் ஆவர்த்தன ஸ்வரம் கேட்பவர்களுக்கும் சந்தோஷம், அதற்கும் சந்தோஷம். அது வராவிட்டால் ஸ்வரமே வேண்டாம், கிருதியை (கீர்த்தனையை) அழகாகப் பாடி முடிக்கட்டும்.

இருபது நிமிடம் கொடுத்திருந்தால் பதினாறு நிமிடத்துக்குத் திட்டம் போடுங்கள். முந்தைய நிகழ்ச்சி நீண்டுபோய், கடைசி நிமிடத்தில் "ஒரு பாட்டைக் குறைச்சுக்குங்க" என்று வந்து நிற்பார்கள். எதை விடுவது என்று முன்பே குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்ருதிக்கு போனில் தம்பூரா செயலி வைத்தால் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். நான் ஒரு தடவை மறந்தேன். கிருதியின் நடுவில் யாரோ அழைக்க, தம்பூரா நின்றுபோனது. தொடையில் ஓங்கித் தாளம் போடும் பிள்ளைகளின் தட்டு மைக்கில் இடிபோல் விழும், வீட்டிலேயே கவனித்துச் சரிசெய்யலாம். பட்டுப்பாவாடையை முதல் நாளே கட்டி, சம்மணமிட்டு உட்கார்ந்து பாடிப் பார்க்கட்டும். இடுப்பில் இறுக்கிக் கட்டினால் மூச்சு மேலேயே நின்றுவிடும். சாப்பாடு இரண்டு மணி நேரம் முன்பே முடியட்டும். அப்பா அம்மா முதல் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார வேண்டாம், குழந்தை பாட்டை விட்டு அவர்கள் முகத்தையே படித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, வீட்டுக்குத் திரும்பும் வழியில் நடக்கும் தவறு. வண்டியில் ஏறியதும் "அந்த இடத்துல ஏன் விட்ட?" என்று ஆரம்பிக்காதீர்கள். பதிவை இரண்டு நாள் கழித்து, குழந்தையோடு சேர்ந்து கேளுங்கள். எங்கே தப்பியது என்று அதுவே சொல்லும்.

அந்த நவராத்திரிப் பெண்ணுக்கு அன்று கைகொடுத்தவர் வயலின் மாமா. மிருதங்கம் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, அவர் அவளைப் பார்க்காமலேயே சரண வரியை மெல்ல எடுத்தார். பாதி வரியில் அவள் சேர்ந்துகொண்டாள். மறுவாரம் வகுப்புக்கு வந்தவள் முதலில் கேட்டது, "மிஸ், அந்த மாமா மறுபடி நமக்கு வாசிக்க வருவாரா?"