இங்கிலீஷ் 101 கட்டுரையை ஞாயிறு இரவு 11:59க்குள் ஏற்றுவது எப்படி

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கத்தானே வந்தோம், இதில் எதற்குக் கட்டுரை என்று முதல் வாரம் நானும் முனகினேன். அமெரிக்காவில் இளங்கலை சேர்ந்தால், துறை எதுவானாலும், பெரும்பாலான கல்லூரிகளில் முதல் வருடம் ஓர் எழுத்துப் பாடம் கட்டாயம். இங்கிலீஷ் 101, காம்ப், ஃபர்ஸ்ட் இயர் ரைட்டிங் என்று இடத்துக்கு இடம் பெயர்தான் மாறும். 15 வாரத்தில் மூன்று நான்கு கட்டுரைகள், மதிப்பெண்ணில் பெரும்பங்கு அவற்றுக்கே. கடைசி மூன்று நாள் கண்விழித்துப் பரீட்சையில் தேற்றிக்கொள்ளும் வித்தை இங்கே செல்லாது. அப்புறம் நானே, மாணவர்களின் கட்டுரைக்கு உதவும் கல்லூரி ரைட்டிங் சென்டரில் இரண்டு வருடம் ட்யூட்டராக இருந்தேன். நம்ம ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் இங்கிலீஷில் அல்ல, தேதியில்தான்.

முதல் நாள் தரும் சிலபஸைப் பாடப்பட்டியல் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் லேட் பாலிசி என்று ஒரு பத்தி இருக்கும். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு கிரேடு குறைப்பவர் உண்டு, 48 மணி நேரம் சலுகை தருபவர் உண்டு, தாமதமானால் வாங்கவே மாட்டேன் என்பவரும் உண்டு. பக்கத்து வகுப்பு நண்பன் சொல்வதை நம்பாதீர்கள், அவனுக்கு வேறு ஆசிரியர், வேறு விதி.

அதே சிலபஸில் ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு தேதிகள் இருக்கும். புதன்கிழமை ரஃப் டிராஃப்ட், வகுப்பில் ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்ல, அதாவது பியர் ரிவ்யூ. ஞாயிறு இரவு இறுதிப் பிரதி. எல்லோரும் காலண்டரில் ஞாயிறைக் குறித்துக்கொண்டு, புதனன்று ஒன்றரைப் பக்கத்தோடு வந்து உட்கார்வார்கள். உண்மையான கெடு புதன்தான். அன்றைக்கு முழுக் கட்டுரையும், எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி, கையில் இருந்தால் வியாழன் முதல் ஞாயிறு வரை திருத்துவதற்கு. இல்லையென்றால் அந்த நான்கு நாளும் எழுதவே போய்விடும், திருத்தம் என்பதே நடக்காது. ஆசிரியர் மதிப்பெண் போடுவதோ திருத்தத்தைப் பார்த்துத்தான்.

எழுத உட்காரும் முன் கேள்வித்தாளை, இங்கே பிராம்ப்ட் என்பார்கள், மூன்று முறை படியுங்கள். என்ன செய்யச் சொல்கிறது? சுருக்கவா, வாதாடவா, அலசவா? ஒரு பையன், வகுப்பறையில் செல்போன் கூடாது என்று ஒருவர் எழுதிய பத்திரிகைக் கட்டுரையை அலசி எழுத வேண்டும். அவன் கொண்டுவந்தது செல்போனின் தீமைகள் பற்றி நான்கு பக்கம். இங்கிலீஷ் பிழையே இல்லை, ஆனால் கேட்டது அதுவல்ல. அந்த எழுத்தாளர் எப்படி நம்மைச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறார் என்பதுதான் கேள்வி. அவனுடைய தீசிஸ் வாக்கியம், அதாவது கட்டுரையின் மைய வாதம், ‘செல்போன் மாணவர்களின் கவனத்தைச் சிதறடிக்கிறது’ என்று இருந்தது. அரை மணி நேரம் பேசிய பிறகு, ‘தன் மகளின் கதையைச் சொல்லிப் பெற்றோரை இளக்கும் எழுத்தாளர், மாணவர்களின் பக்கத்தைக் கேட்காததால் பாதி வாசகரை இழக்கிறார்’ என்று மாறியது. இரண்டாவதை மறுத்து ஒருவர் சண்டைக்கு வரலாம். அப்படி வர முடிந்தால்தான் அது தீசிஸ்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கும் பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம், பள்ளியில் நோட்ஸ் மனப்பாடம் செய்ததன் மிச்சம் அது. அந்த நோட்ஸ் பழக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: எங்கிருந்தோ எடுத்த வரியைப் பெயர் சொல்லாமல் போட்டால் இங்கே அது திருட்டு, ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். கட்டுரையில் பிறர் வரிகள் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளான டர்ன்இட்டின் காட்டும் சதவீதத்தைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம், மேற்கோள்களும் நூற்பட்டியலும்கூட அதில் சேர்ந்துவிடும். 2023 ஏப்ரலில் இருந்து அது ஏஐ எழுதியதா என்றும் கணிக்கிறது, தப்பாகவும் கணிக்கிறது. அதனால் முதல் வரியிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதுங்கள். கேள்வி வந்தால், எப்போது எதை எழுதினோம் என்று பதிவாகியிருக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து காட்டலாம்.

வடிவம் பெரும்பாலும் எம்எல்ஏ, கட்டுரையையும் மேற்கோளையும் எப்படி அமைப்பது என்று சொல்லும் ஒரு விதித் தொகுப்பு. 12 புள்ளி எழுத்து, இரட்டை இடைவெளி, தாளின் நான்கு ஓரத்திலும் ஓர் அங்குலம் இடம். இப்படிப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 275, 300 சொல் வரும், ஆக நான்கு பக்கம் என்றால் 1,100 சொல்லாவது வேண்டும். வலது மேல் மூலையில் லாஸ்ட் நேமும் பக்க எண்ணும் போடச் சொல்வார்கள். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இது ஒரு தனித் தலைவலி! அப்பா பெயரா, நம் பெயரா என்று குழம்பாமல் கல்லூரிப் பதிவேட்டில் எது லாஸ்ட் நேம் பெட்டியில் இருக்கிறதோ அதையே போடுங்கள்.

நேரம் போதாது என்று தெரிந்தால் கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்ல, இரண்டு நாள் முன்னால் மெயில் அனுப்புங்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும் லீவ் லெட்டர் நடை வேண்டாம், பாட்டியை மறுபடி சாகடிக்கவும் வேண்டாம். புரொஃபசர் என்று விளித்து, எந்தக் கட்டுரை, இதுவரை எவ்வளவு முடிந்திருக்கிறது, எந்த நாளுக்குள் தர முடியும் என்று நான்கு வரி. எழுதிய இரண்டு பக்கத்தையும் கூடவே இணைத்தால் பெரும்பாலோர் மனம் இரங்குவார்கள். மாணவர்களைச் சந்திக்க ஆசிரியர் ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவரில் ஒரு தடவையாவது முகம் காட்டியவருக்கு இன்னும் சுலபம்.

கோடையில் ஊருக்குப் போய் அங்கிருந்தே ஆன்லைனில் இந்தப் பாடம் எடுப்பவர்கள், கட்டுரையை ஏற்றும் கல்லூரித் தளமான கேன்வாஸில் டைம் ஸோனைச் சரிபார்க்க வேண்டும். நியூயார்க் நேரம் ஞாயிறு இரவு 11:59 என்றால் கோடையில் சென்னையில் திங்கள் காலை 9:29. நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 10:29.

கடைசி நிமிடம் தவறிவிட்டது, பாதிதான் எழுதியிருக்கிறது, என்ன செய்வது? தாமதமாக வாங்குவார் என்றால் பாதியையாவது ஏற்றுங்கள். இறுதி மதிப்பெண்ணில் 20 சதவீதம் உள்ள கட்டுரைக்கு 50 வாங்கினால் மொத்தத்தில் 10 சேரும். வெட்கப்பட்டு ஏற்றாமல் விட்டால் சேர்வது பூஜ்யம்.

ஏற்றிய பிறகு அந்தக் கோப்பைக் கேன்வாஸிலேயே திறந்து பாருங்கள். மேக்கில் எழுதிய பேஜஸ் கோப்பை அப்படியே போட்டால் பல ஆசிரியர்களால் திறக்க முடியாது, வேர்டாகவோ பிடிஎஃப்பாகவோ மாற்றிப் போடுங்கள். கூகுள் டாக்ஸ் லிங்க் கொடுத்தால் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். என் மூன்றாவது கட்டுரையில் நான் ஏற்றியது பழைய டிராஃப்ட். மூன்றாம் பக்கத்தில் மஞ்சள் வண்ணத்தில் ‘இங்க ஏதாவது அடிச்சு விடணும்’ என்று தமிழில் எழுதி வைத்திருந்தேன். ஆசிரியர் அதை வட்டமிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தார்.