வைப்ரஃபோனில் ஜாஸ்: ஒரு ஸ்வரத்தை மட்டும் அணைப்பது எப்படி

வைப்ரஃபோன் என்பது உலோகப் பட்டைகளை மேலட்டால் (தலை வைத்த குச்சி) அடித்து வாசிக்கும் வாத்தியம்; பெடலை மிதித்திருக்கும்போது அடித்த பட்டை ஒலித்துக்கொண்டிருக்கும். மேஜர் ஸ்கேல் தெரியும், நான்கு மேலட் பிடிக்கவும் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். பிடிப்பில் நான் வைப்ரஃபோன் கலைஞர் கேரி பர்ட்டன் கட்சி, ஒரு கையின் இரண்டு காம்புகளும் உள்ளங்கையில் குறுக்காகக் கடக்கும் பிடி அது. அந்தக் குறுக்குப் பிடிக்குப் பிரம்புக் காம்புதான் சரி, வழவழப்பான மரக்காம்பு எனக்கு நழுவிக்கொண்டே இருந்தது. தலை நூல் சுற்றியதாக, மிதமான கடினத்தில் இருக்கட்டும். ஒலியில் அலைவு உண்டாக்கும் மோட்டாரை அணைத்துவிடுங்கள். ஜாஸ் வைப்ரஃபோன் கலைஞர் மில்ட் ஜாக்சன் அதை மெதுவாகச் சுழலவிட்டு வாசித்தது அழகுதான், ஆனால் கற்கும்போது அந்த அலைவு நம் தப்பையெல்லாம் மூடிவிடும்.

இனி கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள். ஜாஸில் எங்கே திரும்பினாலும் இரண்டு-ஐந்து-ஒன்று (ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் ஸ்வரங்களில் எழும் மூன்று கார்டுகளின் வரிசை) வரும். சி மேஜரில் அதை இப்படி வாசியுங்கள், கீழிருந்து மேலாக, இடக்கைக்கு முதல் இரண்டு, வலக்கைக்கு அடுத்த இரண்டு:

டி மைனர் 7: சி, எஃப், ஏ, ஈ
ஜி 7: பி, எஃப், ஏ, ஈ
சி மேஜர் 7: பி, ஈ, ஜி, டி

மூல ஸ்வரம் (கார்டின் பெயரில் உள்ள ஸ்வரம்) எங்கே என்று தேடாதீர்கள், அதை பாஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். இடக்கையில் இருப்பது கார்டின் மூன்றாவதும் ஏழாவதும், அது போதும். தொடங்கும் சி, பியானோவின் நடு சி. நான் முதலில் எஃப்-ஐ கீழே வைத்துத் தொடங்கினேன், மூன்றாவது கார்டில் ஈ-க்கு இறங்கப் போனால் பட்டையே இல்லை! வழக்கமான மூன்று ஆக்டேவ் வாத்தியம் எஃப்-இல்தான் தொடங்குகிறது.

நான் மாட்டிக்கொண்ட இடம் அடுத்தது. முதல் கார்டிலிருந்து இரண்டாவதுக்கு மாறுவது ஒரே ஸ்வரம், சி போய் பி வருகிறது. பெடலை விட்டால் நாலும் சேர்ந்து நின்றுவிடும், விடாவிட்டால் சி-யும் பி-யும் ஒன்றோடொன்று உரசிக் காதைக் குடையும். அதனால் பெடலை மிதித்தபடியே இடக்கையின் வெளி மேலட்டால் பி-ஐ அடியுங்கள், அதே நொடியில் உள் மேலட்டை (எஃப் தானாக ஒலித்துக்கொண்டிருப்பதால் அதற்கு இப்போது வேலை இல்லை) சி பட்டையில் அமுக்குங்கள். அமுக்க வேண்டும், அடிக்கக் கூடாது. மூன்று வாரம் எனக்கு 'டொக்' என்றுதான் கேட்டது, ஏனென்றால் தொட்டதும் மேலே துள்ளும் பழக்கம் மணிக்கட்டில் ஊறிப்போயிருந்தது. அப்புறம் பி-ஐ விட்டுவிட்டு, சி-ஐ அடிப்பது, மேலட்டைச் சத்தமில்லாமல் வைத்து அப்படியே அழுத்தி நிற்பது, இது மட்டும் தினம் பத்து நிமிடம் செய்த பிறகுதான் சரியானது.

மூன்றாவது கார்டுக்கு இந்த வித்தை வேண்டாம். அடிக்கச் சற்று முன் காலைத் தூக்கி, அடியோடு சேர்த்து மிதித்தால் போதும்.

கற்பனை வாசிப்புக்கு (இம்ப்ரொவைசேஷன்) வலக்கையில் ஒரே மேலட். முதலில் கார்டுக்கு ஒரு ஸ்வரம்: எஃப், எஃப், ஈ. பிறகு அந்த ஈ-இல் இறங்குவதற்கு முன், இரண்டாவது கார்டின் கடைசித் தாளத் தட்டை இரண்டாகப் பிளந்து எஃப், ஈ பிளாட் என்று இருபுறமும் தொட்டுவிட்டு ஈ-க்கு வாருங்கள். அந்த ஒரு ஈ பிளாட்டிலேயே ஜாஸ் வாசனை வந்துவிடும். வாயால் பாடிவிட்டு வாசியுங்கள், இல்லையென்றால் கை பாட்டுக்கு ஸ்கேலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

பின்சேர்க்கை: அமுக்கும்போது 'ஜிர்ர்' என்று அதிர்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மேலட் தலை கடினமாக இருக்கிறது, அல்லது தயங்கித் தயங்கித் தொடுகிறீர்கள். இரண்டே மேலட் வைத்திருப்பவர்கள் இடக்கையால் பி-ஐ அடித்து, வலக்கையால் சி-ஐ அமுக்கிப் பழகலாம். மில்ட் ஜாக்சன் வாசித்ததும் இரண்டு மேலட்டில்தான்.