சுவாமிமலைக்கு ஒரு முழு நாள்

வெளிநாட்டிலிருந்து கும்பகோணம் வருகிற நம்மவர்களில் பலர் சுவாமிமலைக்கு ஒதுக்குவது முக்கால் மணி நேரம். நவக்கிரகக் கோயில்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் பறந்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை. நீங்கள் வாழும் நகரத்துக் கோயிலில் திருவிழா நாளன்று புறப்பாடு வருகிற உற்சவர், இந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் வார்த்தெடுத்த திருமேனியாகவே இருக்கக்கூடும். அவர் பிறந்த இடத்தைப் பார்க்காமல் போகலாமா?

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது இந்தப் பேரூராட்சி. பழைய பெயர் திருவேரகம். திருச்சி விமான நிலையத்தில் இறங்குவோர் தஞ்சாவூர் வழியாகக் காரில் வந்துவிடலாம். சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் கும்பகோணத்தில் இறங்கி டவுன் பஸ் பிடிப்பது சுலபம். சுவாமிமலைக்கும் ரயில் நிலையம் உண்டு, ஆனால் எல்லா ரயிலும் நிற்பதில்லை.

காலையில் வெயில் ஏறுமுன் கோயிலுக்குப் போய்விடுங்கள். பெயரில் மலை இருந்தாலும் இது கட்டுமலை. சோழ சமவெளியில் மலைக்கு எங்கே போவது? தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரால் 60 படிகள். தந்தைக்கே பிரணவப் பொருள் சொன்ன சுவாமிநாதன் மேலே நிற்க, கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சன்னதி. முருகனுக்கு எதிரே மயில் இருக்க வேண்டிய இடத்தில் யானை இருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கிருத்திகை, தைப்பூச நாட்களில் கூட்டம் நெரியும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

அந்த நேரத்தைப் பட்டறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாராசுரம் கோயில் எழுந்த காலத்தில் வந்த ஸ்தபதிகளின் வழியினர் தாங்கள் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். அவர்களை இங்கே இருத்தி வைத்தது காவிரியின் வண்டல். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, அதன்மேல் இந்த வண்டலைக் குழைத்துப் பூசுகிறார்கள். மாவு போன்ற மண், மெழுகில் கீறிய நகக்கண்வரை அப்படியே பதிந்துகொள்கிறது. நிழலில் உலர்த்தி, மேலே தடித்த மண் பூசி, இரும்புக் கம்பியால் கட்டி, வராட்டி நெருப்பில் வாட்டுவார்கள். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பு இறங்கும். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டியதுதான். ஓர் அச்சுக்கு ஒரே சிலை. நான் பார்த்த பட்டறையில், உடைத்த மண்ணுக்குள்ளிருந்து கரிபிடித்த பிள்ளையாரின் தும்பிக்கை முதலில் தெரிந்தது. வேலை செய்தவர் தேங்காய் நாரால் அதை மெல்லத் தேய்த்தார். உளியும் அரமும் அதன்பிறகு வாரக்கணக்கில் உழைக்கும். கண் திறப்பது கடைசியில்தான்.

2023இல் டெல்லி பாரத மண்டபத்தில் நிறுவிய 27 அடி நடராஜரும் இந்த ஊர் ஸ்தபதிகள் இதே முறையில் வார்த்ததுதான். வார்ப்பு தினமும் நடக்காது. முன்கூட்டியே பேசிவிட்டுப் போனால் பார்க்கக் கிடைக்கும்.

சிலை வாங்குவதென்றால் அவசரப்படாதீர்கள். பூஜைக்கா, அலங்காரத்துக்கா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். கன வார்ப்பா, உள்ளே குடைவா என்று கேளுங்கள். கன வார்ப்பில் சிறிய சிலைகூடக் கையை இழுக்கும், பெட்டி எடையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விலை ஒத்துப்பார்க்க, தமிழக அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகாரின் உற்பத்தி நிலையமும் இங்கே இருக்கிறது. வெளிநாடு கொண்டுபோக, இது தொல்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிலையை வெளியே கொண்டுபோக முடியாது. சிலை புதியது என்பதை விமான நிலையத்தில் வாயால் சொல்லி நம்பவைப்பது கடினம். யாராவது "பழைய சிலை, மலிவாகத் தருகிறேன்" என்றால் நின்று கேட்கவே வேண்டாம். அது ஏதோ ஒரு கோயிலின் சொத்தாக இருக்கும்.

மாலையில் திருவலஞ்சுழி வெள்ளைப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு தாராசுரம் போகலாம். அதற்குமுன் காவிரிப் படித்துறையில் சற்று உட்காருங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்திருந்தால் கால் நனைக்கலாம். வராத மாதமென்றால் ஆற்றுக்குள் இறங்கி, காய்ந்து பொருக்கு விட்ட வண்டலில் ஒரு சில்லை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பாருங்கள். முகப்பவுடர் போல ரேகைகளில் ஒட்டிக்கொள்ளும்.