வானிலை மாடல் ஃபைல்ல உங்க ஏரியாவை மட்டும் வெட்டி எடுக்குறது எப்படி

அமெரிக்காவோட உலக வானிலை மாடலான ஜிஎஃப்எஸ்ல, கால் டிகிரிக்கு ஒரு புள்ளின்னு இருக்குற ஃபைல் ஒண்ணே ஐநூறு எம்பி பக்கம் வரும். மாடலை ஒரு நாளைக்கு 4 தடவை ஓட்டுவாங்க, அதாவது 4 ரன், ஒரு ரன்னுக்கு இருநூறு ஃபைலுக்கு மேல. முழுசா இறக்கிட்டு அப்புறம் வெட்டிக்கலாம்னு இருந்தீங்கன்னா டிஸ்க்கும் காலி, நெட்டும் காலி. உலகம் முழுக்க 1440 × 721, அதாவது பத்து லட்சத்துக்கு மேல புள்ளி. பத்துக்குப் பத்து டிகிரி பெட்டி போதும்னா 41 × 41, வெறும் 1681 புள்ளிதான்.

பைத்தான் இன்ஸ்டால் பண்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்குறேன்.

1. சர்வர்லயே வெட்டுங்க
அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவோட நோமாட்ஸ் சைட்ல கிரிப் ஃபில்டர்னு ஒரு பக்கம் இருக்கு (கிரிப்ங்கிறது இந்த மாடல் ஃபைலோட ஃபார்மட்). எந்த வேரியபிள், எந்த லெவல்னு டிக் பண்ணி, பெட்டியோட இடது, வலது, மேல், கீழ் எல்லைன்னு நாலு எண் குடுத்தா சின்ன ஃபைலா வரும். யூஆர்எல்லை மட்டும் காட்டுற ஆப்ஷனும் உண்டு, அதை காப்பி பண்ணி ஸ்கிரிப்ட்ல போட்டுக்கலாம். பெட்டியைச் சுத்தி ஒரு டிகிரி சேர்த்தே வாங்குங்க, இல்லன்னா பின்னாடி இன்டர்பொலேஷன் (புள்ளிகளுக்கு நடுவுல மதிப்பு கணக்கிடுறது) பண்ணும்போது ஓரத்துல ஓட்டை விழும்.

2. வந்தது நிஜமாவே கிரிப்தானான்னு பாருங்க
ரன் இன்னும் ஏறலன்னா எரர் பக்கம் ஒண்ணு வரும், ஸ்கிரிப்ட் அதையும் கிரிப்னு பேர் வச்சு சேவ் பண்ணிடும். நல்ல ஃபைலோட முதல் நாலு எழுத்து ஜி, ஆர், ஐ, பி. கடைசி நாலு எழுத்து 7777. இது ரெண்டையும் செக் பண்ணாம அடுத்த ஸ்டெப்புக்குப் போகாதீங்க.

3. கையில இருக்குற பெரிய ஃபைலை வெட்டணும்னா
இங்கதான் எனக்கு ஒரு ராத்திரி போச்சு. பைத்தானோட எக்ஸ்அரே லைப்ரரில தீர்க்கரேகை -80ல இருந்து -70, அட்சரேகை 10ல இருந்து 20னு ஸ்லைஸ் பண்ணேன், காலியா வந்துச்சு, எரர்னு ஒரு வரி கூட இல்ல. ஜிஎஃப்எஸ்ல தீர்க்கரேகை 0ல ஆரம்பிச்சு 359.75 வரைக்கும் போகும், மைனஸே கிடையாதுன்னு கண்டுபிடிச்சு 280, 290னு மாத்தினேன், அப்பவும் காலி. அப்போ இது தப்புபோலன்னு திரும்ப மைனஸுக்கே மாத்திட்டு வேற எங்கெங்கயோ தேடிட்டு இருந்தேன். உண்மையில தப்பு ரெண்டு, ஒண்ணை ஒண்ணு மறைச்சுட்டு இருந்துச்சு. அட்சரேகை 90ல ஆரம்பிச்சு -90க்கு இறங்குது, அதனால ஸ்லைஸ்ல 20 முதல்ல, 10 அப்புறம். ரெண்டையும் சேர்த்து மாத்தினதும் 41 × 41 வந்து நின்னுச்சு.

அதனால ஃபைலைத் திறந்ததும் ரெண்டு அச்சோட முதல் மதிப்பையும் கடைசி மதிப்பையும் பிரிண்ட் பண்ணிப் பாருங்க. ஐரோப்பிய வானிலை மையமான ஈசிஎம்டபிள்யூஎஃப்போட ஓபன் டேட்டால தீர்க்கரேகை மைனஸ்லதான் ஆரம்பிக்கும், ஒண்ணுக்கு எழுதுன கோடு இன்னொண்ணுக்கு ஓடாது.

வெட்டுறது மட்டும்தான் வேலைன்னா எனக்கு எக்ஸ்அரேவே வேணாம், டபிள்யூகிரிப்2ங்கிற கமாண்ட் லைன் டூல்ல ஸ்மால் கிரிப் ஆப்ஷன் இருக்கு, ஒரே வரில முடிஞ்சிடும்.

அப்டேட்: ஒருத்தர் தீர்க்கரேகை -10ல இருந்து 20 வரைக்கும் எப்படி எடுக்குறதுன்னு கேட்டிருந்தார். பெட்டி 0ஐத் தாண்டுது, அதனால ஃபைல்ல அது ரெண்டு துண்டா ரெண்டு ஓரத்துலயும் கிடக்கும். தீர்க்கரேகையோட 180 கூட்டி, 360ஆல வகுத்த மீதியை எடுத்து, 180 கழிங்க. அப்புறம் மறக்காம சின்னதுல இருந்து பெருசுன்னு சார்ட் (sort) பண்ணுங்க, சார்ட் பண்ணலன்னா திரும்பவும் அதே காலிதான். சிடிஓங்கிற கமாண்ட் லைன் டூல் யூஸ் பண்றவங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல, மைனஸை அப்படியே குடுக்கலாம்.

இன்னொரு அப்டேட்: அமெரிக்காவுக்கான நுணுக்க மாடலான எச்ஆர்ஆர்ஆர் ஃபைல்ல ஸ்லைஸ் வேலை செய்யலன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. செய்யாது. அது லாம்பர்ட் கிரிட், அதாவது வரிசைகள் அட்சரேகை, தீர்க்கரேகையோட ஒட்டிப் போகாது, ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி அட்சரேகை, தீர்க்கரேகை. அங்க பெட்டிக்குள்ள இருக்குற புள்ளியை மட்டும் விடுற மாஸ்க் போட்டுத்தான் எடுக்கணும், இல்ல ஸ்மால் கிரிப்பே போதும், ஆனா உங்க பெட்டியை மூடுற அளவுக்கு ஒரு செவ்வகமா வெட்டும், ஓரத்துல கொஞ்சம் அதிகமாவே வரும்.